வணிகம் நகர்ந்தது, வழிபாடு நின்றது: புலியூர்க் கோட்டமும் மயிலாப்பூரும்

இடைக்காலத் தமிழகத்தின் வணிகத்தையும் சமயத்தையும் சேர்த்து எழுதுவோரிடம் இரு போக்குகள் உண்டு. ஒரு சாரார் கோயிலை அக்கால வங்கி என்பர். மறு சாரார் வணிகர் தந்த கொடைகளை வெறும் பக்தியாகக் கொள்வர். இரண்டும் பாதி உண்மைதான். ஊர் விட்டு ஊர் போகும் வணிகரின் பணத்தை ஓரிடத்தில் நிலைக்க வைத்த ஏற்பாடு சமய நிறுவனம் என்பதும், வணிகம் தளர்ந்த பின்னும் சில ஊர்கள் பிழைத்திருக்க அந்த ஏற்பாடே காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். இன்றைய செம்பாக்கம், தாம்பரம் சுற்றுவட்டாரம் சோழர் ஆட்சியில் தொண்டை மண்டலத்தின் புலியூர்க் கோட்டத்தை ஒட்டி அமைந்தது. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில், முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டுகள் கொண்ட திருசூலம், ஆழ்வார் பாடிய திருநீர்மலை, கிழக்கே கடலோரத்தில் மயிலாப்பூர் என உழவூர்களும் துறைமுகமும் இங்கே அருகருகே இருந்தன.

பணம் எப்படி நிலைபெற்றது என்பதற்கு நந்தா விளக்குக் கொடையே தெளிவான சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். கொடையாளி இறந்த பிறகும், ஆடுகளை ஏற்றவர் இறந்த பிறகும் கடப்பாடு மட்டும் வழிவழியாகத் தொடரும். காசுக்கும் இதே முறைதான். தஞ்சைக் கோயிலின் காசைப் பெற்ற ஊர்ச் சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாகச் செலுத்தின. அதே இடைக்காலத்தில், 1179இல் கூடிய மூன்றாம் லாட்டரன் திருச்சங்கம், வெளிப்படையாக வட்டிக்குக் கொடுப்போருக்குக் கிறித்துவ அடக்கம்கூட இல்லை என்று விதித்தது. அங்கே சமயம் பாவமாகக் கண்ட வட்டியில்தான் இங்கே இறைவன் முன் விளக்கு எரிந்தது.

வணிகக் குழுக்கள் இந்த ஏற்பாட்டின் பயனைச் சமய எல்லை கடந்து அறிந்திருந்தன. 849ஆம் ஆண்டு தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்தில் மருவான் சபீர் ஈசோ நிறுவிய கிறித்துவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் அளிக்கிறது. அவற்றைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களுக்கு. அதில் சாட்சிகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். அதே பஹ்லவி எழுத்து பொறித்த சிலுவை ஒன்று 1547இல் பரங்கிமலையில் கிடைத்தது. பாரசீகத் தொடர்புடைய கிறித்துவர் கிழக்குக் கரையிலும் வழிபாட்டிடம் அமைத்துக்கொண்டதை அது காட்டுகிறது. தாய்லாந்தின் தகுவா பாவில் 9ஆம் நூற்றாண்டில் வெட்டிய குளம் மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்டது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் தமிழ்க் கல்வெட்டோடு சிவன் திருமேனி எழுந்தருளியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஓலையும் துணியும் மக்கிப்போயின, கல் மட்டும் எஞ்சியது; கோயில் சுவர்களையே படிக்கும் நமக்குக் கோயில்தான் எல்லாம் என்று தோன்றுவதில் வியப்பில்லை என்பர். இது ஒதுக்கக்கூடிய மறுப்பன்று. கோயிலைச் சாராமலேயே வணிகர் தம் காரியங்களை நடத்தியதற்குச் சான்றும் உண்டு. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர், கப்பலோடு வருவோர் கஸ்தூரி விலைக்கு ஈடான பொன்னைச் செலுத்த வேண்டும் என்று தாமே விதி செய்கின்றனர். மயிலாப்பூரில் கூடிய வணிகப் பேரவை, காட்டூரை வணிகரின் காவல் நகரமான வீரபட்டினமாக்க முடிவெடுத்த செய்தியும் கல்வெட்டில் உள்ளது. ஆக வரி, காவல், குடியிருப்பு உரிமை ஆகியவற்றை வணிகர் தாமே தீர்த்துக்கொண்டனர். ஆனால் இம்மறுப்பு என் வாதத்தைக் கூர்மையாக்குகிறதே தவிர வீழ்த்தவில்லை. குழுவின் வலிமை அது நகரும் தன்மையில் இருந்தது. ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டிய கடமைக்கோ இடம்பெயராத ஓர் உரிமையாளர் தேவைப்பட்டார். இறைவனே அந்த உரிமையாளர்.

இரண்டாம் மறுப்பு மார்க்கோ போலோவிடமிருந்து வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த அவர், புனித தோமாவின் கல்லறை இருக்கும் ஊர் (மயிலாப்பூர்) சிறியது, அங்கே சரக்கு அதிகமில்லாததால் வணிகர் வருவதும் குறைவு என்று எழுதினார். மயிலாப்பூர் பெரிய வணிகத் தலம் என்ற பெருமைக்கு இது பொருந்தாது. ஆனால் கிறித்துவரும் இசுலாமியரும் அக்கல்லறையை நாடி வருவதையும் அவரே குறிப்பிடுகிறார். வணிகப் பேரவை கூடிய ஊரில் சந்தை சுருங்கியிருக்கிறது, யாத்திரை தொடர்ந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் கொடிகட்டிப் பறந்த ஷாம்பேன் சந்தைகள், இத்தாலிய வணிகர் கடல்வழிக்கு மாறியதும் 14ஆம் நூற்றாண்டில் ஒளியிழந்தன. ஆனால் ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரை இன்றும் நடக்கிறது.

எனவே ‘கோயில் வணிகத்தை வளர்த்ததா, வணிகம் கோயிலை வளர்த்ததா’ என்ற பழைய கேள்வியைச் சற்றே திருத்திக் கேட்பது நல்லது. யாருடைய பணம், எவர் பொறுப்பில், எத்தனை காலத்துக்கு ஓரிடத்தில் கட்டுண்டது என்பதே கல்வெட்டுகளிடம் கேட்க வேண்டிய கேள்வி. அப்படிக் கேட்டால், புலியூர்க் கோட்டத்து ஊர்க் கோயில் ஒன்றின் விளக்குக் கொடையும் கொல்லத்துப் பள்ளியின் செப்பேடும் ஒரே பொருளியல் வரலாற்றின் ஆவணங்களாகிவிடும்.