படை ஏவும் அதிகாரமும் அதன் எல்லையும்

ஆட்சித் தலைவர் எவர் மீது, யாரைக் கேட்டு, எதுவரை படையை ஏவலாம் என்பதற்கான சட்ட வரையறை. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசல் சீமையில் இக்கேள்வி 1799-இல் ரத்தம் சிந்தி எழுந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னைக் கோட்டை ஆளுநருக்குப் 'பிரெசிடென்ட்' என்ற பட்டமும் உண்டு. ஆலோசனைச் சபையோடு சேர்ந்தே அவர் ஆண்டார். அவசரம் தவிர, வங்காள கவர்னர் ஜெனரலின் சம்மதமின்றிச் சென்னை போர் தொடங்கக் கூடாது என்றது 1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம். 1784-இல் பிரிட்டிஷ் பிரதமர் பிட் கொண்டுவந்த சட்டம் கவர்னர் ஜெனரலுக்கே கடிவாளம் போட்டது: எதிரி முந்திக்கொண்டாலன்றி, லண்டன் உத்தரவில்லாமல் இந்திய அரசர்கள் மீது படையெடுக்கக் கூடாது.

ஏட்டில் இறுக்கமான சட்டம்தான். ஆனால் 1792 உடன்படிக்கையில் பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் உரிமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி வாங்கிக்கொண்டது. பாளையக்காரர் அரசரல்லர், நவாபுக்கு அடங்கியவர் என்றாகிவிட்டதால், அவர்கள் மேல் செல்லும் படை போர்க் கணக்கில் சேராமல் வசூல் கணக்கில் சேர்ந்தது.

1798 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கச் சென்ற இடத்தில் கைகலப்பு மூண்டு, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். ஆளுநர் எட்வர்ட் கிளைவ் விசாரணைக் குழு அமைத்தார். பிள்ளை விடுதலையானார், ஜாக்சன் பதவியிழந்து லூஷிங்டன் வந்தார். அதிகாரியைத் தட்டிக்கேட்ட நேர்மை இது எனலாம். மைசூர்ப் போருக்குப் படை தேவைப்பட்ட நேரம் அது என்பதையும் மறக்கலாகாது. 1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார். செப்டம்பரில் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை முன் நின்றார். அதே மாதம் பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன், கோவில்பட்டிக்குத் தெற்கே நெல்லைச் சாலையிலுள்ள கயத்தாற்றில் அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். குற்றம் சாட்டியவரும் தீர்ப்புச் சொன்னவரும் பானர்மேனே. மற்றப் பாளையக்காரர்கள் கூடி நின்று பார்க்க அழைக்கப்பட்டிருந்தனர். 1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் எழுச்சியும் அடக்கப்பட்டது.

வெளியார் மீதான போருக்கே வேலி. உள்ளூரார் மீது ஏவும் படைக்கு அது தளர்ந்துவிடும். இந்த ஓட்டை குடியரசிலும் தெரிந்தது. அரசமைப்பின் 53-ஆம் உறுப்பு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவருக்குத் தந்து, அதைச் சட்டப்படியே செலுத்தச் சொல்கிறது. 74-ஆம் உறுப்பின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். ஆயினும் 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடுமுன்பே, உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டிய நெருக்கடி நிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். 1978-இல் நிறைவேறிய 44-ஆம் திருத்தம் இதை அடைத்தது: ஆயுதக் கிளர்ச்சி இருந்தாலே உள்நாட்டுக் காரணம் செல்லும், அமைச்சரவை முடிவு எழுத்தில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஏற்க வேண்டும்.

எல்லை தாண்டிப் படை அனுப்ப அப்படியொரு நிபந்தனை இங்கே இல்லை. அமெரிக்காவின் 1973 போர் அதிகாரத் தீர்மானம் அதிபருக்குப் பொதுவாக 60 நாள் கெடு வைக்கிறது. அதையும் அங்குள்ள அதிபர்கள் பலமுறை சுற்றிப்போயிருக்கிறார்கள். இங்கோ, தஞ்சைச் சீமைக்காரரான ஆர். வெங்கட்ராமன் 1987 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவரானார். நான்கு நாள் கழித்து இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ராஜீவ் காந்தி அரசு இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பியது. நாடாளுமன்றத்தின் முன்னனுமதி கேட்கப்படவில்லை, கேட்கும் கட்டாயமும் இருக்கவில்லை. வெளியேறுமாறு 1989-இல் கோரியவர் இலங்கை அதிபர் பிரேமதாசா. கடைசிப் படைப்பிரிவு 1990 மார்ச்சில் திரும்பியது.