குடும்ப வருமானமும் குழந்தைகளின் மனவளர்ச்சியும் (ஜொகூர்)

குடும்ப வருமானம் குழந்தையின் மனத்தை எவ்வழியாகச் சென்றடைகிறது என்பதை, தோட்டக்கூலியும் சிங்கப்பூர்ச் சம்பளமும் அருகருகே புழங்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழ்க் குடும்பங்களிடையே தெளிவாகக் காணலாம்.

குளுவாங், சிகாமாட் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் நெடுங்காலம் நாட்கூலிகளாகவே இருந்தனர்; மரப்பட்டை நனைந்தால் வெட்டு நின்றுவிடும் என்பதால், கூலியின் குறைவோடு அதன் நிச்சயமின்மையும் சேர்ந்து மழைக்காலங்களில் வீட்டை அலைக்கழித்தது. இத்தகைய பணமுடை பெற்றோரை மனச்சோர்வுக்கும் பூசலுக்கும் தள்ளி, அதனால் கடுமையாகும் வளர்ப்புமுறையின் வழியே குழந்தையிடம் அச்சத்தையும் முரட்டுத்தனத்தையும் விளைவிக்கிறது என்று, 1980களில் அமெரிக்காவின் அயோவா நாட்டுப்புறக் குடும்பங்களை ஆராயத் தொடங்கிய ராண்ட் காங்கர், கிளென் எல்டர் ஆகியோர் விளக்கினர். இது குடும்ப அழுத்தக் கோட்பாடு எனப்படும்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் வேலையோடு லயத்து (வரிசை) வீட்டையும், கோயிலையும், தாய்மார் வெட்டுக்குப் போகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையையும் ஒருசேர இழந்தன. மாசாய், பாசிர் கூடாங் பகுதிகளின் தொழிற்சாலைச் சம்பளம் தோட்டக்கூலியைவிடக் கூடுதலாக இருந்தாலும், முன்பு கேளாமலே கிடைத்த பிள்ளைப் பராமரிப்பை இப்போது விலைகொடுத்துப் பெறவேண்டியதாயிற்று. வருமானப் புள்ளிவிவரங்களில் இந்த இழப்பு பதிவாவதில்லை என்பது பெருங்குறையே.

இத்தகைய குடும்பங்களுக்குத் துணையாக, தேசிய அளவில் ஏழை மாணவர்க்குப் பள்ளியில் உணவளிக்கும் கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நடைபெறுகிறது. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது.

வருமானம் உயர்ந்தால் பிள்ளைகள் தேறுவார்களா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடி மக்களிடையே நடந்த ஆய்வு விடை தருகிறது. அங்கு திறக்கப்பட்ட சூதாட்ட விடுதியின் இலாபம் இனத்தாருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட பின், வறுமையிலிருந்து மீண்ட வீட்டுப் பிள்ளைகளிடம் நடத்தைக் கோளாறுகள் குறைந்தன. பதற்றமும் மனச்சோர்வும் அவ்வாறு குறையவில்லை. பெற்றோர் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்க முடிந்ததே இம்மாற்றத்துக்குப் பெரிதும் காரணம் என்று ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 2003இல் எழுதினர்.

ஜொகூர் பாருவில் நிலைமை இதற்கு நேர்மாறாகவும் அமையக்கூடும். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்புக்காக விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, குடிநுழைவுச் சோதனைச் சாவடிகளில் காத்துக் கிடந்து, இரவில் திரும்பும் பெற்றோர், முன்னைவிட அதிகம் ஈட்டினாலும், பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை.