அருவி இல்லாத ஊரின் நீர்க்கதை

விடுமுறை நாளில் அருவியில் குளித்து வரலாம் என்று புதுச்சேரிக்காரர் ஒருவர் நினைத்தால், விடியும் முன்பே கட்டுச்சோற்றுடன் புறப்பட வேண்டும். விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலைக்குப் போக 120 கி.மீ.க்கும் மேல் ஆகும். மேகம், பெரியார் என்னும் அருவிகள் அங்கே உள்ளன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் போனால் நீர் கொட்டும். சித்திரையில் போனால் பாறையைத்தான் பார்த்து வர வேண்டும்!

இவ்வளவு தொலைவு போவானேன்? ஆறு செங்குத்தாக இறங்க உயரம் வேண்டும். அந்த விளிம்பு விரைவில் கரைந்துவிடாதபடி உறுதியான பாறையும் வேண்டும். கல்வராயன் மலையில் இரண்டும் உண்டு. புதுச்சேரியோ மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்த கடற்கரைச் சமவெளி. மேடு என்று பெயர் பெற்ற கோரிமேட்டுப் பகுதியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரந்தான். ஆறு குதிப்பதற்கு இங்கே இடமில்லை.

ஆயினும், உயரத்திலுள்ள நீர் தாழ்வை நாடும் என்ற அதே விதியை நம்பித்தான் இவ்வூர் தாகம் தீர்த்துக்கொண்டது. கடலோர நகருக்கு நல்ல தண்ணீர் அருமை. 1860களில், பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், மேற்கே முத்திரையர்பாளையத்து ஊற்றுநீரை நகருக்குக் கொண்டுவந்தார்கள். ஊற்று சற்று மேட்டில் இருந்ததால் நீர் தன் எடையாலேயே நகரை நோக்கி ஓடிவந்தது. இதன் நினைவாக எழுந்ததே பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம். முற்காலத்தில் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற பெண்ணின் பெயர் அதற்கு வாய்த்தது. ஆயி கதை செவிவழிச் செய்தி. தண்ணீர் வந்தது வரலாறு. அந்த மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இடம்பெற்றுள்ளது.

அடுத்து நடந்தது இன்னும் வியப்பானது. 1877இல் சவானா நூற்பாலையில் நீருக்காகத் துளையிட்டபோது, ஏற்றமோ எந்திரமோ இல்லாமல் தண்ணீர் தானாகவே மேலெழுந்து வழிந்தது! பிரெஞ்சுக்காரர்களுக்கு இது புதிதன்று. பிரான்சின் ஆர்த்துவா வட்டாரத்தில் இத்தகைய கிணறுகள் மிகுதி. 'ஆர்ட்டீசியன் கிணறு' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். பாரிசில் 1833இல் தொடங்கி, 548 மீட்டர் ஆழம் வரை துளைத்து, 1841இல் நீர் கண்டிருந்தார்கள்.

இதன் காரணம் எளியது. மேற்கே மேட்டுப்பாங்கான நிலத்தில் பெய்யும் மழை மணற்கல் அடுக்கினுள் இறங்கி, கடலை நோக்கிச் சரிந்து செல்கிறது. மேலே களிமண் அடுக்கு மூடிபோல் இருப்பதால் நீர் வெளியேற வழியில்லை. மேலிருந்து இறங்கிய நீரின் எடை கீழுள்ள நீரை அழுத்துகிறது. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். மூடியில் துளை விழுந்தவுடன், தான் உட்புகுந்த மட்டத்தை எட்ட முயன்று நீர் மேலெழுகிறது. அருவியில் கண்ணுக்குத் தெரியும் வீழ்ச்சி, இங்கே மண்ணுக்குள் மறைவாக நிகழ்கிறது என்று கொள்ளலாம்.

செய்தி பரவியது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங், இக்கிணறுகளைப் பற்றி 1880இல் எழுதியபோது, சென்னைக்கும் இப்படி நீர் கிடைக்குமா என்று ஆராய்ந்தார். தொடர்ந்து பாகூர்ப் பக்கம் துளையிட்டவர்களுக்கு நீருடன் பழுப்பு நிலக்கரியும் தட்டுப்பட்டது. அதே வகை நிலக்கரியைப் பின்னாளில் நெய்வேலியில் வெட்டியெடுக்கத் தொடங்கியபோது, அடியில் அழுந்திக் கிடந்த நீர்தான் பெருந்தொல்லையாயிற்று. சுரங்கம் மூழ்காதிருக்க இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

பாகூர் வயல்களில் தானாகப் பொங்கிய கிணறுகள் இப்போது பொங்குவதில்லை. மின்சார மோட்டார்கள் பெருகி, மழை ஊட்டுவதைவிட மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதால் அழுத்தம் குன்றிப்போயிற்று. குழாய்கள் ஆண்டுக்காண்டு ஆழமாக இறங்குகின்றன. கடலோரக் கிணறுகள் சிலவற்றில் உப்பு ஏறிவிட்டது.