ஒரத்துப்பாளையத்து உப்பு

தண்ணீரைத் திறந்துவிடு என்று போராடிய உழவர்களைத் தமிழக வரலாறு நன்கு அறியும். தண்ணீரைத் திறந்துவிடாதே என்று மன்றாடிய உழவர்களும் இங்கே இருந்தார்கள். சென்னிமலைக்கு அருகில், நொய்யலாற்றின் குறுக்கே 1992ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையின் ஆயக்கட்டுக்காரர்கள் அவர்கள். பல்லாயிரம் ஏக்கர் பாசனம் பெறும் என்ற கணக்கோடு கட்டப்பட்ட அணை அது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே தன் கீழிருந்த ஊர்கள் அஞ்சும் ஒன்றாக அது மாறிப்போயிற்று. இதற்குக் காரணம் சாயக்கழிவு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். அந்தச் சொல் நம் கண்களைச் சாயத்தின்மீதே நிறுத்திவிடுகிறது. அந்த ஊர்களின் மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு, நிறமே இல்லாத உப்புக்கு உரியது.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்பது பழம்பெயர். பேரூரைத் தொட்டு, கோவை, சூலூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட நொய்யல் என்னும் ஊருக்கருகே காவிரியில் கலக்கிறது. ஆண்டெல்லாம் ஓடும் ஆறன்று இது. மழைக்காலத்து வெள்ளத்தை அணைக்கட்டுகளால் திருப்பிக் குளங்களில் நிறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை முன்னோர் செய்திருந்தார்கள். உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க்குளம், சூலூர்க்குளம் எல்லாம் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவை. மேலூர் தேக்கியது போக மிஞ்சுவதே கீழூருக்கு என்பதுதான் ஆற்றுப் பாசனத்தின் அடிப்படை. ஆகவே மேலூர்க்காரன் எவ்வளவு எடுக்கலாம் என்பது பற்றி ஊர்களுக்கிடையே முறைகளும் வழக்குகளும் இருந்தன. எடுத்த நீரை எந்த நிலையில் திருப்பி விடலாம் என்பது பற்றி முறை எதுவும் தேவைப்பட்டதில்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கீழூர்கள் எதிர்கொண்ட கேள்வியோ முற்றிலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

திருப்பூருக்குக் கிழக்கே உள்ள காங்கேயம், சென்னிமலைப் பகுதி மழை குறைந்த நிலம். கொங்கு வழக்கில் மானாவாரி நிலம் காடு. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். காட்டில் சோளமும் கம்பும், கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில் காங்கேயம் மாடும், தோட்டத்தில் ஊடுபயிரும் தென்னையும் என்று குடும்பங்கள் பிழைத்து வந்தன. கிணறு வற்றினால் ஆழப்படுத்துவதும், மழை தவறினால் மாட்டை விற்பதும் அவர்களுக்குத் தெரிந்த துன்பங்கள். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் அது பயிருக்கு ஆகாது என்பது அவர்கள் அறியாத துன்பம்.

1980களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகம் பிடித்தது. வெளுத்த பனியன் தைத்த ஊர், பலவண்ண ஆடைகளை வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியது. சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் இன்று பயன்படும் சாயம் இழையில் நன்றாக ஏறுவதற்குச் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாதாரண உப்போ, சோடியம் சல்பேட்டோ, ஏதேனும் ஒன்று. சாயம் துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது. போட்ட உப்பு முழுவதும் அலசிய நீரோடு வெளியே போகும். ஆடை கப்பலேறிப் போனது. உப்பு நொய்யலில் இறங்கியது.

ஒரத்துப்பாளையம் அணை இந்த நீரைத்தான் தேக்கியது. அணை இல்லாதிருந்தால் மழை வெள்ளத்தோடு கரைந்து காவிரிக்குப் போயிருக்கக்கூடிய உப்பு, இங்கே மாதக்கணக்கில் நின்று சுற்றுப்புறக் கிணறுகளுக்குள் இறங்கியது. அந்த நீரைப் பாய்ச்சிய நிலத்தில் நீரைப் பயிர் குடித்தது, வெயில் குடித்தது. உப்பு மட்டும் மேல்மண்ணில் நின்றது. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமியில் அதைக் கழுவிக்கொண்டு போக வானமும் உதவாது. நீருக்காகக் கட்டிய அணை ஊர்களுக்கு உப்பளமாய் அமைந்தது.

இதை முதலில் அறிந்தது அறிவியல் ஆய்வகம் அன்று. வாய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்ட மாடு அறிந்தது. இளநீரின் சுவை மாறியதை உணர்ந்த நாக்கு அறிந்தது. ஆனால் நாக்கின் சாட்சியத்தை அலுவலகங்கள் ஏற்பதில்லை. அவற்றுக்கு எண் வேண்டும். ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்துள்ள திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தொண்ணூறுகளின் இறுதியில் நீதிமன்றத்தின் அழுத்தத்தால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவை நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை நீக்கும் சவ்வு முறை அப்போது அவற்றில் இல்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர், நாக்குக்கு அதே கரிப்பு. நகரம் கண்ணால் பார்த்து நிம்மதி கொண்டது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு எளிய கதையாகிவிடும். திருப்பூரின் முதலாளிகளில் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். இதே கொங்கு மண்ணின் உழவுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மாற்றத்தை விரிவாகப் பேசுகிறது. சாயப்பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் போதாதபோது, திருப்பூரைச் சுற்றிய ஊர்களின் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் விலைக்குப் போயிற்று. ஒரு கிராமம் விற்ற நன்னீர், உப்புநீராகி இன்னொரு கிராமத்தை அடைந்தது. நிலம் கெட்ட ஊர்களிலிருந்தே இளைஞர்களும் பெண்களும் காலையில் பனியன் கம்பெனி வண்டிக்காகச் சாலையில் நின்றார்கள். தோட்டத்தைக் கெடுத்த தொழிலே கூலியும் கொடுத்தது. எதிர்ப்புக் குரல் எழுவதற்கு நெடுங்காலம் ஆனதை இந்தச் சிக்கலோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

2003இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் 2007 ஜனவரி முதல் 6 காசு, பின்னர் படிப்படியாக 10 காசு வரை செலுத்த வேண்டும், குறித்த காலத்துக்குள் கழிவு வெளியேற்றமே இல்லாத நிலையை எட்ட வேண்டும். 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. அப்படியும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. பின்னர் உப்பையும் நீரையும் பிரித்து மீட்கும் முறையை ஏற்றவை படிப்படியாகத் திறந்தன. எல்லாம் ஆவியாக்கிய பின்னும் மிஞ்சும் கலவை உப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி அதன்பின்னும் தொடர்ந்தது.

இதற்கிடையில் இழப்பீடும் வந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒட்டி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம், 2004 டிசம்பரில் நொய்யல் கரையின் 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. தொகையின் சிறுமை ஒருபுறமிருக்க, குறிப்பிட்ட சில ஆண்டுகளின் இழப்பாக ஒரு கேட்டைக் கணக்கிடும் முறையே எண்ணிப் பார்க்கத்தக்கது. பயிர் இழப்புக்கு ஆண்டு உண்டு. மண்ணில் இறங்கிய உப்புக்கு ஆண்டு இல்லை. விற்றுவிட்ட மாடு, மூடிவிட்ட கொறங்காடு, பெண் கொடுக்கத் தயங்கும் ஊர் என்னும் பெயர், இவற்றுக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

நம் இலக்கியம் இதைக் காணாமலில்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' திருப்பூரின் இந்தப் பக்கத்தைப் பேசிய நாவல். ஆயினும் ஆற்றின் கீழ்க்கரை ஊர்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்த பதிவுகள் மிகக் குறைவு. அதே நொய்யற்கரையில், அணைக்கு அருகிலேயே கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் அதுவே என்பர். 1980களில் தொடங்கிய அகழாய்வுகள் அங்கே மணிகள் செய்த பட்டறைகளையும், இரும்பு உருக்கிய உலைகளையும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. வகுப்பறையில் அவற்றைப் பெருமையோடு சொல்கிறோம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தொழிற்கூடம் மண்ணில் விட்டுச் சென்றவை மணிகளும் ஓடுகளும். நம் காலத்துத் தொழிற்கூடம் விட்டுச் செல்வதை அகழ்ந்து எடுக்க வேண்டியதில்லை. கோடையில் வயலின்மேல் வெள்ளையாகத் தானே பூத்து நிற்கும்.

அந்த ஊர்களில் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்தக் கிணறு கரித்தது, எந்தப் பயிரை முதலில் கைவிட்டார்கள், எப்போது குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கணக்கு அவர்கள் நினைவில் உண்டு. நீதிமன்ற ஆவணங்கள் காப்பகத்தில் இருக்கும். இந்தக் கணக்கு அவர்களோடு போய்விடும். அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் ஒரு விடுமுறையில் குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்தால்கூட எழுதிவிடக்கூடிய வரலாறு அது.