செக்கனுக்கு ஒருக்கா மணி கேட்ட ரவுட்டர்கள்

கரண்ட் போய் வந்தா, வீட்டு ரவுட்டருக்கு இப்ப எத்தினை மணி எண்டு தெரியாது. விலை குறைஞ்ச ரவுட்டர்கள் பலதில பற்றரியில ஓடுற மணிக்கூடு இல்லை. அதனால் எழும்பினவுடனே இன்டர்நெட்டில் இருக்கும் ஒரு நேர சேர்வரிடம் அது மணி கேட்கும். செற்றிங்ஸில் நேரத்துக்கெண்டு ஒரு பக்கம் இருக்கு. எங்களில் எத்தினை பேர் அதைத் திறந்திருப்பம்? அந்தச் சின்னப் பக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

இப்படி மணி கேட்கும் முறையின் பெயர் என்.ரி.பி. அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1980களில் உருவாக்கியது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் நேர சேர்வர்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருந்தன. அமெரிக்காவின் விஸ்கொன்சின்-மடிசன் பல்கலைக்கழகமும் அப்படித்தான்.

2003 மே மாதம் அந்தச் சேர்வரை நோக்கித் தரவுப் பொதிகள் வெள்ளமாக வந்தன. யாரோ தாக்குகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். மறித்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஜூனில் செக்கனுக்கு 250,000 பொதிகளுக்கு மேல் வந்துகொண்டிருந்தன. அங்கே வேலை செய்த டேவ் பிளாங்காவும் மற்றவர்களும் பொதிகள் வந்த இடங்களைத் தேடி விசாரித்தார்கள். அங்கெல்லாம் இருந்தது நெற்கியர் நிறுவனத்தின் மலிவான வீட்டு ரவுட்டர்.

தாக்குதல் எண்டு ஒண்டுமே இல்லை. அந்த ரவுட்டரின் மென்பொருளுக்குள்ளேயே விஸ்கொன்சின் சேர்வரின் முகவரியை எழுதி விட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதில் வராவிட்டால் செக்கனுக்கு ஒருக்காத் திரும்பக் கேள் என்ற கட்டளையும் உள்ளே இருந்தது. அதனால்தான் மறித்தும் பலன் இல்லாமல் போனது. இப்படிப்பட்ட ரவுட்டர்கள் ஏறத்தாழ 700,000 விற்கப்பட்டிருந்தன. வாங்கின சனத்துக்கு இது ஒண்டும் தெரியாது.

பிறகு நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. ஆனால் அதை ஏற்றுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருத்தர் செற்றிங்ஸைத் திறக்க வேணும். இன்டர்நெட் ஒழுங்கா வேலை செய்யேக்க அதை ஆர் திறக்கப்போயினம்?

கடையிலிருந்து வரும்போதே ரவுட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு செற்றிங்கும் எங்கேயோ இருக்கும் ஒருவர் எடுத்த முடிவு. அது பிழைத்தால் அடி விழுவது எங்களுக்கு எண்டில்லை, முன்பின் தெரியாத ஒருவருக்காகவும் இருக்கலாம். இண்டைக்கு வீட்டு ரவுட்டரின் பக்கத்தை ஒருக்காத் திறந்து பாருங்கோ. அது எந்தச் சேர்வரிட்ட மணி கேட்குது? மென்பொருளைக் கடைசியா எப்ப புதுப்பிச்சனீங்கள்?