இலுப்பைக்கு ஒரு நீதி, திராட்சைக்கு ஒரு நீதி: தாணே மாவட்டத்தின் மது வரலாறு

தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் டோம்பிவிலி, இன்று மும்பையின் புறநகராகவே அறியப்படுகிறது. நிர்வாக வகையில் அது தாணே மாவட்டத்தின் கல்யாண் வட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் மலைச்சரிவுகள் வார்லி, காத்கரி, தாக்கூர் முதலிய பழங்குடிகளின் வாழிடம். அவர்களது வீட்டுப் பொருளாதாரத்தில் மோஹா மரத்துக்குத் தனியிடம் உண்டு. மோஹா நம் இலுப்பையின் நெருங்கிய உறவு. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்னும் பழமொழி, அப்பூவின் இனிப்பை நாமும் அறிந்திருந்ததற்குச் சான்று.

கோடையின் தொடக்கத்தில் இப்பூ இரவில் உதிரும். விடியலில் பெண்களும் சிறுவர்களும் அதைப் பொறுக்குவர். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நீர் பாய்ச்சவோ உரமிடவோ தேவையில்லை. உலர்ந்த பூ பஞ்சகாலத்தில் உணவு. எஞ்சிய காலத்தில், நீரில் ஊறிப் புளித்து மண்கலத்தில் வடிக்கப்படும் மது. அது விழாவுக்கும் சடங்குக்கும் உரியது. குடும்ப அளவிலான, சூழலைக் குலைக்காத மது உற்பத்தி என இன்று போற்றப்படுவதன் பண்புகள் யாவும் அதில் இருந்தன.

1878ஆம் ஆண்டின் பம்பாய் அப்காரிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. வடிப்பு பெரிய சாராய ஆலைகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் உரியதாயிற்று. வீட்டில் வடிப்பது குற்றமாயிற்று. கள்ளிறக்கும் மரங்கள்மீதும் வரி ஏறியது. ஆயினும் பூ காட்டில் உதிர்ந்துகொண்டேயிருந்தது. எனவே 1892இல் மௌரா சட்டம் வந்தது. தாணே, கொலாபா மாவட்டங்களில் பூவைச் சேர்த்து வைப்பதையும் விற்பதையுமே அது கட்டுப்படுத்தியது. குடியைக் குறைப்பது நோக்கமாயின் கடைகளைக் குறைத்திருக்க வேண்டும். கடைகள் நீடித்தன, சொந்த வடிப்பே ஒடுக்கப்பட்டது.

இதன் விளைவு கடன். முன்பு தாமே வடித்ததை மக்கள் இப்போது காசு கொடுத்து வாங்கினர். சாராய வணிகர் பலர் கடன் கொடுப்போராகவும் நிலவுடைமையாளராகவும் வளர்ந்தனர். 1922இல் தாணேயின் கடற்கரையில் தோன்றித் தென் குஜராத் முழுதும் பரவிய தேவி இயக்கத்தை இப்பின்னணியில்தான் படிக்க வேண்டும். பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் மதுவையும் கள்ளையும் துறந்தனர். வரலாற்றாய்வாளர் டேவிட் ஹார்டிமன் காட்டுவதுபோல், அத்துறவு சாராய வணிகரின் பிடியிலிருந்து விடுபடும் அரசியலும் ஆகும். குடியின் கேட்டை அம்மக்கள் அறியாதவரல்லர். அதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையையே அவர்கள் கோரினர்.

விடுதலைக்குப் பின் 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டமும் மோஹா பூவைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலேயே வைத்தது. அச்சட்டத்தைத் தொடர்ந்து பின்பற்றிய மகாராஷ்டிரமே 2001இல் திராட்சைப் பதப்படுத்தும் தொழிற்கொள்கையை அறிவித்து, ஒயினை வேளாண் சார்ந்த தொழிலாகக் கருதிச் சலுகைகள் வழங்கியது. நாசிக் பகுதியில் ஒயின் ஆலைகள் பெருகின. உழவர்க்கு அது நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாசனமும் மருந்துத் தெளிப்பும் வேண்டும் கொடிக்குக் கிடைத்த மதிப்பு, இவையேதும் வேண்டாத மரத்துக்குக் கிடைக்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்மீது பழங்குடியினரின் உடைமையை ஏற்றது. மகாராஷ்டிரமோ மோஹா பூவைச் சேகரிப்பதன் மீதான கட்டுப்பாடுகளை 2021இல்தான் தளர்த்தியது. இனி அப்பூவிலிருந்து மதிப்புமிக்க மது சந்தைக்கு வருமாயின், உரிமம் யார் பெயரில் இருக்கும் என்பதே முதன்மையான வினா. பூவைப் பொறுக்குவோர் மூலப்பொருள் விற்பவராக மட்டும் நின்றுவிட்டால், 1878இல் நிகழ்ந்ததே வேறு பெயரில் மீண்டும் நிகழும்.