'ஃபைல் சைஸ் அதிகம்'னு திருப்பி அனுப்புதா? ஆதார் முதல் மார்க் ஷீட் வரை போனிலேயே கச்சிதமா ஸ்கேன் பண்ணலாம்!

விண்ணப்பிக்கக் கடைசி நாள். இரவு 11.20 மணி. சித்தி பொண்ணு போன் பண்ணினாள். "அக்கா, எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். கையெழுத்து மட்டும் அப்லோடு ஆக மாட்டேங்குது" என்று அழாத குறையாகச் சொன்னாள். அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு எழுத்து: 10 கேபிக்கு மேல், 20 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். அவள் போனில் எடுத்திருந்த போட்டோ 3.4 எம்பி. கூகுளில் தேடி ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டுச் சுருக்கினால், அது 6 கேபி ஆகி வந்து நிற்குது. அதுவும் ஆகாதாம்!

மாற்றி மாற்றிப் பார்த்து 11.52-க்கு ஒருவழியாக ஏறியது. ஃபீஸ் கட்டும் பக்கம் சுத்திக்கிட்டே இருந்தது. மணி 12 ஆகிவிட்டது. அந்தத் தேர்வு இனி அடுத்த வருடம்தான். வயது, படிப்பு, சான்றிதழ் எல்லாம் சரியா இருந்தும், ஒரு கையெழுத்து ஃபைல் ஒரு வருடத்தைக் கொண்டுபோயிடுச்சு.

அதனால், அவசரம் எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்து வைத்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் போய், "அண்ணா, இதை 50 கேபிக்குக் குறைச்சுக் குடுங்க" என்று வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை.

கேபி கூடுறது எதனால?

சாதாரண 12 மெகாபிக்சல் கேமராவில் எடுக்கும் ஒரு படத்தில் 4000-க்கு 3000 என்று மொத்தம் 1.2 கோடிப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் பிக்சல். ஆதார், பான், லைசென்ஸ் மாதிரியான கார்டுகளின் அளவு சுமார் 8.56-க்கு 5.4 சென்டிமீட்டர். நல்ல ஸ்கேனருக்கான 300 டிபிஐ கணக்கில் பார்த்தாலே அதற்கு 1011-க்கு 638 பிக்சல் போதும். அதாவது ஆறரை லட்சம் புள்ளிகளுக்குள் வேலை முடிந்துவிடும். நாம் எடுத்து வைத்திருப்பது அதைப்போல பதினெட்டு மடங்கு! அதில் பாதி, கார்டு வைத்திருக்கும் மேசையோட படம்.

ஏ4 தாள் என்றால் 300 டிபிஐ-க்கு 2480-க்கு 3508 பிக்சல் வரும். ஸ்கிரீனில் படிக்க 150 டிபிஐ தாராளம், அதாவது 1240-க்கு 1754. நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் மொத்தப் புள்ளிகள் கால்வாசியாகும் என்பதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஃபைல் சைஸும் கிட்டத்தட்ட அதே கணக்கில் இறங்கும்.

ஒரு குழப்பம் மட்டும் வேண்டாம். படத்தின் விவரங்களில் '72 டிபிஐ' என்று இருப்பதை 200 என்று மாற்றினால் தரம் கூடிவிடாது, சைஸும் மாறாது. அது, அச்சடிக்கும்போது எத்தனை புள்ளிகளை ஒரு அங்குலத்தில் அடைக்கணும் என்று சொல்லும் ஒரு குறிப்பு. அவ்ளோதான். நாம் கவனிக்க வேண்டியது பிக்சலை.

எடுக்கும்போதே பாதி வேலை முடியணும்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீங்க, பாக்கெட்டிலும் பர்ஸிலும் கிடக்கிற போனில் மங்கலான ஸ்கேனுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேர்கீழே நின்று எடுக்காதீர்கள். உங்கள் கை நிழலும் போன் நிழலும் தாள் மேலேயே விழும். பகலில் ஜன்னல் ஓரம், பக்கவாட்டில் வெளிச்சம் வருகிற இடம் சரியாக இருக்கும். ஃபிளாஷ் கூடவே கூடாது. பிவிசி கார்டிலும் லேமினேட் செய்த சான்றிதழிலும் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழும். அது எப்படியோ சரியா நம்ம ரிஜிஸ்டர் நம்பர் மேலதான் விழும்!

கார்டை வெள்ளை பெட்ஷீட் மேல் வைக்காதீர்கள். ஆப், ஓரத்தைக் கண்டுபிடிக்கத் திணறும். கருநீல நோட்டு அட்டை, அடர் நிறத் துண்டு எதுவானாலும் சரி. ரொம்பக் கிட்டப் போனால் கார்டின் ஒரு பக்கம் வீங்கிய மாதிரி வரும். ஓர் அடி தள்ளி வைத்து, 2 மடங்கு ஜூம் செய்து எடுங்கள். மடித்தே வைத்திருந்த பழைய சாதிச் சான்றிதழ் என்றால், முதல் நாள் ராத்திரியே ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

இதற்குத் தனி ஆப் தேவையா? பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. கூகுள் டிரைவ் ஆப்பில் ப்ளஸ் குறியைத் தொட்டால் ஸ்கேன் வசதி இருக்கும். ஐபோனில், 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதலே நோட்ஸ் ஆப்பில் இருக்கிறது. ஓரத்தை வெட்டி, கோணலை நிமிர்த்தி பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடும். ஒருகாலத்தில் எல்லோர் போனிலும் கேம்ஸ்கேனர்தான். 2019-ல் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கான நிரல் ஒன்று இருந்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. நம்ம அடையாள அட்டை அத்தனையும் கடந்து போகிற வழி என்பதால், ஸ்கேன் ஆப்பைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் சந்தேகப் புத்தி நல்லதுதான்.

ஐபோன்காரர்களுக்கு ஒன்று: கேமராவில் எடுக்கும் போட்டோ 'ஹெச்ஈஐசி' வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும். பல அரசு இணையதளங்கள் அதை ஏற்காது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜேபிஜி-யாக வரும்.

கறுப்பு வெள்ளை ஃபில்டர் செய்யும் வேலை

ஸ்கேன் ஆப்பில் கறுப்பு வெள்ளை ஃபில்டரைப் போட்டதும் தாள் பளிச்சென்று ஆகும், சைஸும் நன்றாகக் குறையும். ஆனால், அந்த ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று வெட்டித் தீர்ப்பு சொல்லிவிடும். கெசட்டட் ஆபீஸர் பச்சை மையில் போட்ட கையெழுத்து, மங்கிப்போன ஊதா நிற முத்திரை, மார்க் ஷீட்டின் வெளிர் எண்கள் எல்லாம் 'வெள்ளை' பக்கம் போய்க் காணாமல் போயிடும். முத்திரை தெரியவில்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சான்றிதழுக்கும் கார்டுக்கும் எப்போதும் கலர். வெறும் டைப் அடித்த கடிதத்துக்கு மட்டும் கறுப்பு வெள்ளை.

சுருக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

'கம்ப்ரெஸ் பிடிஎஃப்' என்று தேடினால் வரிசையாக இணையதளங்கள் வரும். அவற்றில் பலவும் நம் ஃபைலை அவர்களுடைய சர்வருக்கு ஏற்றித்தான் சுருக்குகின்றன. ஆதார், பான், கையெழுத்து மூன்றையும் அடுத்தடுத்து முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்புகிறோம் என்றால், ஒருவர் பேரில் லோன் எடுக்கத் தேவையான அத்தனையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று பொருள்.

படங்களுக்கு நான் பயன்படுத்துவது 'ஸ்குவூஷ்'. கூகுள் குரோம் குழுவினர் உருவாக்கியது, பிரவுசரிலேயே திறக்கும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை; சுருக்கும் வேலை போனுக்குள்ளேயே நடக்கும். அகலத்தை பிக்சலில் மாற்றலாம், தரத்தை ஒரு ஸ்லைடரில் நகர்த்தலாம். நகர்த்த நகர்த்த எத்தனை கேபி என்று கண்முன்னே காட்டும். லேப்டாப் இருந்தால் விண்டோஸ் பெயின்ட்டில் 'ரீசைஸ்' கொடுத்து பிக்சலைக் குறைத்தாலும் போதும்.

எதை முதலில் குறைப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை 5 சதவிகிதத்துக்கு இறக்கினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். முதலில் தேவையில்லாத ஓரத்தை வெட்டுங்கள். பிறகு பிக்சலைக் குறையுங்கள்: கார்டுக்கு 1000 அகலம், ஏ4 தாளுக்கு 1240. கடைசியாகத்தான் தரம். 60, 70-க்குக் கீழே இறங்கவே பெரும்பாலும் தேவைப்படாது.

பிடிஎஃப் கேட்டால்? பெரிய பிடிஎஃப் செய்துவிட்டு அதைச் சுருக்கப் போராடாதீர்கள். படங்களைச் சுருக்கிவிட்டு அப்புறம் பிடிஎஃப் ஆக்குங்கள். ஆண்ட்ராய்டில் படத்தைத் திறந்து 'பிரின்ட்' கொடுத்து, பிரின்டருக்குப் பதிலாக 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுக்கலாம்.

இப்போ என் தங்கை மாட்டிக்கிட்ட விஷயத்துக்கு வருவோம். வங்கித் தேர்வுகளுக்கான ஐபிபிஎஸ் அறிவிப்புகளைப் பார்த்தால் போட்டோவுக்கு 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்துக்கு 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. இடது கை பெருவிரல் ரேகைக்கு 20 முதல் 50 கேபி. கைப்பட எழுதிய உறுதிமொழிக்கு 800-க்கு 400 பிக்சல், 50 முதல் 100 கேபி என்று இருக்கும். கவனிச்சீங்களா, குறைந்தபட்ச அளவும் உண்டு! 140-க்கு 60 என்பது வெறும் 8400 புள்ளிகள். வெள்ளைத் தாளில் நாலு கோடு மட்டும் இருக்கிற படம் என்பதால் அது 4, 5 கேபியிலேயே நின்றுவிடும். பிக்சல் அளவு 'விரும்பத்தக்கது' என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தால், அதே விகிதத்தில் 280-க்கு 120, 420-க்கு 180 என்று கூட்டி, தரத்தையும் ஏற்றினால் 10 கேபியைத் தாண்டிவிடும். கையெழுத்தைக் கறுப்பு மையில், கோடு போடாத வெள்ளைத் தாளில் போடுங்கள். ஆங்கிலக் கேப்பிடல் எழுத்துகளில் போட்டால் ஏற்கமாட்டார்கள். நீங்கள் எழுதும் தேர்வின் அறிவிப்பில் இந்த அளவுகள் வேறாக இருக்கலாம், அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபைல் பெயரையும் கவனிங்க. இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து இருந்தால் சில தளங்கள் காரணமே சொல்லாமல் மறுக்கும். ஆங்கிலத்தில், சின்னதாக, இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

சுருக்கி முடித்ததும் ஒரு சோதனை. படத்தை முழுதாகப் பெரிதாக்கி, பிறந்த தேதியும் எண்ணும் தடுமாறாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். 3-ம் 8-ம், 1-ம் 7-ம் குழம்பினால் அந்த ஃபைல் வேண்டாம்.

ஸ்கேனே வேண்டாத சங்கதிகள்

சிலர் இ-ஆதாரை டவுன்லோடு செய்து, பிரின்ட் எடுத்து, அந்தப் பிரின்ட்டை மறுபடி ஸ்கேன் செய்வார்கள். மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. டவுன்லோடு செய்த பிடிஎஃப்-பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். பிரின்ட் எடுத்த நொடியில் அது போய்விடும். அந்த பிடிஎஃப்-பைச் சுருக்கும் தளத்தில் போட்டாலும் கையொப்பம் செல்லாததாகிவிடும். அதனால் ஒரிஜினல் டவுன்லோடை அப்படியே தனியாக வைத்துவிட்டு, சுருக்குவதற்கு ஒரு நகலைப் பயன்படுத்துங்கள்.

2015-ல் தொடங்கிய டிஜிலாக்கரில் ஆதார், டிரைவிங் லைசென்ஸ், ஆர்.சி. புக், சிபிஎஸ்இ மதிப்பெண் பட்டியல் எல்லாம் வழங்கிய துறையிடமிருந்தே நேராக வரும். 2017-ல் சேர்க்கப்பட்ட 9ஏ விதிப்படி இவை ஒரிஜினலுக்குச் சமம். ஆனால் இதில் ஒரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. 'இஷ்யூடு' பகுதியில் இருப்பதற்குத்தான் அந்த மதிப்பு. நீங்களே போட்டோ எடுத்து 'அப்லோடு' செய்தது, டிஜிலாக்கருக்குள் இருந்தாலும் வெறும் நகல்தான். டிராஃபிக் போலீஸிடம் அதைக் காட்டிவிட்டு வாதாடாதீங்க.

வாக்காளர் அட்டையும் 2021 முதல் பிடிஎஃப்-பாக டவுன்லோடு செய்யக் கிடைக்கிறது. பட்டா நகலைத் தமிழக அரசின் இணைய சேவைத் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

யாரிடம் எதைக் கொடுக்கிறோம்?

லாட்ஜில் ரூம் போடும்போதும், ஹாஸ்டலில் சேரும்போதும் "ஆதாரை வாட்ஸ்அப் பண்ணிடுங்க" என்பார்கள். அதற்கு, கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் டவுன்லோடு செய்து வைத்திருங்கள். மற்ற கார்டுகளின் நகலில், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று குறுக்கே எழுதிவிட்டு அனுப்பினால், அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது கஷ்டம்.

எண்ணை மறைக்கிறேன் என்று போன் மார்க்கரால் கறுப்பாகத் தேய்ப்பவர்களே, சிலவகை மார்க்கர்கள் கண்ணாடி மாதிரி. படத்தின் பிரைட்னெஸை ஏற்றினால் அடியில் இருக்கும் எண் அப்படியே தெரியும். பிடிஎஃப்-பில் வைத்த கறுப்புக் கட்டத்தையோ சில சமயம் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, அதைப் படமாகச் சேமித்து அனுப்புங்கள்.

பிரவுசிங் சென்டரில் வேலை முடித்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அடுத்து அந்த சீட்டில் உட்காரப்போவது யாரென்று அவருக்கும் தெரியாது. போனிலும் கேலரியில் செல்ஃபிகளுக்கு நடுவே பான் கார்டு கிடக்க வேண்டாம். கேலரி அனுமதி கேட்கிற ஆப்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கூகுள் ஃபைல்ஸின் சேஃப் ஃபோல்டர், சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டர், ஐபோனில் லாக் செய்த நோட் என்று ஏதாவது ஒன்றுக்குள் மாற்றிவிடுங்கள். போனே தொலைந்தாலும் கிடைக்கிற மாதிரி டிஜிலாக்கரிலோ டிரைவிலோ ஒரு பிரதி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பீரோவோடு சான்றிதழ்கள் நனைந்துபோனபோது, நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது பழைய சான்றிதழின் எண்ணும் வருடமும்தான். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மார்க் ஷீட்டோடு நிறுத்தாதீங்க. பீரோவில் மஞ்சப் பைக்குள் இருக்கும் வீட்டுப் பத்திரம், அம்மாவோட எஸ்எஸ்எல்சி புக், தாத்தாவோட பென்ஷன் புக் மூன்றையும் எடுத்து ஜன்னல் ஓரம் வையுங்கள். இவற்றுக்கு 50 கேபி கணக்கெல்லாம் வேண்டாம். 300 டிபிஐ, முழுக் கலர், எல்லாப் பக்கமும், பின்பக்கம் பேனாவில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.